கழுவாத ராசி

கண்ணு என்று கடிதத்தை ஆரம்பிக்க இன்றைக்கு எனக்குக் கை வரவில்லை. அதனால் நலம் விசாரிப்பும் கிடையாது. நீ நலமாகத்தான் இருப்பாய். காலையில் காந்திபுரத்தில் சத்தியமங்கலம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து, உன் அப்பாவுக்குக் கை காட்டிவிட்டுப் போனவனுக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது? நான் வேண்டுமென்றேதான் பஸ் ஸ்டாண்டுக்கு வரவில்லை. வந்திருந்தால் பஸ்ஸில் இருப்பவர்கள் எல்லாரும் கேட்கும்படி திட்டியிருப்பேன். கல்லூரிக்கு உடற்கல்வி இயக்குநராக வேலைக்குப் போகிறவனை அம்மா பஸ் ஸ்டாண்டில் வைத்துத் திட்டினாள் என்ற பேச்சு உனக்கு வேண்டாமே என்று வீட்டிலேயே இருந்துகொண்டேன். ஆனால் திட்டாமல் விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. இதோ உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த உறையை நான் ஒட்டப் போவதில்லை. கொண்டு வருகிறவர் வழியில் படித்தாலும் சரி, உன் கல்லூரி அறிவிப்புப் பலகையில் யாராவது குத்தி வைத்தாலும் சரி. உன்னை நம்பிப் பிள்ளையைக் கபடி ஆட அனுப்புகிற ஒவ்வொரு தாயும் இதைப் படிக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை உனக்கு நடந்த பாராட்டு விழாவுக்கு நான் எவ்வளவு ஆசையாக வந்தேன் தெரியுமா? உன்னோடு கல்லூரியில் ஆடிய பையன்கள் காசு சேர்த்துக் கல்யாண மண்டபம் பிடித்து, உன் படத்தைப் பெரிதாகப் போட்டுத் தட்டி வைத்திருந்தார்கள். நான் உன் அக்கா கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள், "உங்க பையனுங்களா? என்ன ஒடம்பு, என்ன ஒடம்பு! சுத்திப் போடுங்க அம்மணி" என்று சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷம் நீ மைக்கைப் பிடிக்கிற வரைக்கும்தான். நீ பேசியதை ஒரு வார்த்தை விடாமல் இங்கே எழுதுகிறேன். மேடையில் கேட்கும்போது நன்றாக இருந்திருக்கலாம். காகிதத்தில் நீயே ஒரு முறை படித்துப் பார்.

"காலேஜ் கடைசி வருசம், ஃபைனலு. முட்டிக்கு மேல எலுமிச்சங்கா மாதிரி ஒரு கட்டி. பிளேடு வெச்சுக் கீறி உட்டுட்டு, கோர்ட்டு மண்ணை அள்ளி அப்பிக்கிட்டேன். சாருக்குத் தெரிஞ்சா உக்கார வெச்சுருவாருன்னு, முட்டி கேப்பை மேல இழுத்து மறைச்சுக்கிட்டு எறங்கினேன். நடுவுல நான் அவுட்டாகி வெளிய உக்காந்திருக்கறேன், நம்ம சாதிக்கோட கேப்பு கிழிஞ்சுபோச்சு. என்ற கேப்பைக் கழட்டிக் குடுத்தேன். 'டேய், ராசியான கேப்புடா, டோர்னமெண்டு ஆரம்பிச்சதுல இருந்து கழுவவே இல்ல, போட்டுக்கோ'ன்னேன். போனான், மூணு பேரை ஒரே ரைடுல தொட்டுட்டு வந்தான். கப்பு நம்ம கைக்கு வந்துச்சு." இதற்கு மண்டபம் முழுவதும் கைதட்டல். அதோடு நிறுத்தினாயா? பையிலிருந்து அந்தக் கறுத்துப்போன முட்டி உறையை எடுத்துத் தலைக்கு மேலே ஆட்டிக் காட்டினாய். "இன்னைக்கு வரைக்கும் தண்ணி படலீங்க. இதைத்தான் கொண்டுக்கிட்டுப் போறேன். அங்க என்ற டீம்ல மொத ரைடர் எவனோ, அவனுக்கு என்ற கையால இதை மாட்டி உடுவேன்" என்றாய். மறுபடியும் கைதட்டல். நான் திரும்பிப் பார்த்தேன். எல்லாருக்கும் பின்னால் தூணில் சாய்ந்து நின்றுகொண்டு சாதிக்கும் கைதட்டிக்கொண்டிருந்தான்.

அவன் ஏன் நின்றுகொண்டிருந்தான் என்று உனக்குத் தெரியும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சாதிக் உன்னோடு பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாக ஆடியவன். உக்கடத்தில் வீடு, அவன் அப்பாவுக்கு ஒப்பணக்காரத் தெருவில் ஒரு ஜவுளிக்கடை. உன்னைவிட நன்றாக ஆடுவான் என்று நீயே சொல்வாய். நோன்பு மாதத்தில் அவன் அம்மா கஞ்சி கொடுத்தனுப்புவார், பொங்கலுக்கு நான் கரும்பும் சர்க்கரைப் பொங்கலும் கொடுத்தனுப்புவேன். அந்தப் பையனுக்கு வலது கால் மடங்காது. முட்டி இறுகிப்போய்க் கட்டை மாதிரி நிற்கிறது. மண்டபத்து நாற்காலி வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்தால் போகிறவர் வருகிறவர் தடுக்கி விழுவார்கள் என்று, விழா முடிகிற வரை நின்றுகொண்டே இருந்தான்.

அந்த ஃபைனல் முடிந்த பிறகு நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கோப்பையோடு ஊர்வலம் போய்விட்டு வந்தீர்கள். சாதிக்குக்கு முட்டியில் சிராய்ப்பு. கபடிக்காரனுக்குச் சிராய்ப்பு இல்லாத நாள் எது? யாரும் கண்டுகொள்ளவில்லை. சில நாளில் முட்டி வீங்கியது, சுட்டது, தொடை இடுக்கில் நெறி கட்டியது, குளிர் காய்ச்சல் வந்தது. நீங்கள் என்ன செய்தீர்கள்? ஆசுபத்திரிக்கா கூட்டிப் போனீர்கள்? "விழுந்ததுல சுளுக்கு புடிச்சுக்கிச்சு" என்று நீங்களே தீர்ப்புச் சொல்லி, மொபெட்டில் நடுவில் உட்கார வைத்துச் சுளுக்கு எடுக்கிறவரிடம் தூக்கிக்கொண்டு போனீர்கள். நெருப்பாகக் கொதிக்கிற முட்டியில் எண்ணெய் ஊற்றி உருவ வைத்தீர்கள். அவன் கத்தினானாம், நீங்கள் ரெண்டு பேர் தோளை அமுக்கிப் பிடித்துக்கொண்டீர்களாம். ஒரு தடவை போதாதென்று மறுநாளும் கூட்டிப் போனீர்கள். மூன்றாவது தடவை அவனால் எழுந்திருக்கவே முடியவில்லை. அவன் அம்மாதான் ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். முட்டியைத் திறந்து சீழை எடுத்தார்கள். திரும்பவும் சீழ் கோத்தது, திரும்பவும் திறந்தார்கள். காலை எடுக்க வேண்டியிருக்குமோ என்று ஒரு வாரம் பயத்தில் கிடந்தோம். கால் தப்பியது. முட்டி தப்பவில்லை.

நான் ரசம் சாதம் கேரியரில் எடுத்துக்கொண்டு வார்டுக்கு வந்த ஒரு நாள் டாக்டர் உன்னிடம் கேட்டதும் நினைவிருக்கிறது. "தம்பி, கூட ஆடற பசங்க யாருக்காவது கட்டி, சீழ்க் கொப்புளம் ஏதாவது இருந்துச்சா? ஒருத்தர் துண்டு, கேப்பு எல்லாம் இன்னொருத்தர் போடுவீங்களா?" நீ மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தாய். பிறகு இல்லை என்று தலையாட்டினாய். அதற்கு முந்தைய வாரங்களில் நீ காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்ததை நான் கவனித்து, என்னடா அது என்று கேட்டிருந்தேன். "கொசு கடிச்சுச்சும்மா, சொறிஞ்சுட்டேன், பெருசாப் போச்சு" என்றாய். கொசுக்கடி என்று நம்பிய நானும் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில், உன்னைப் பெற்றவள் என்ற தைரியத்தில் நின்றிருந்தேன். இத்தனை வருஷம் கழித்து, கைதட்டலுக்கு நடுவில், மைக்கில் நீயே சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. கட்டி இருந்திருக்கிறது. கீறியும் விட்டிருக்கிறாய். அந்தச் சீழ் ஊறிய உறையைக் கழற்றி அப்படியே இன்னொரு பையனின் சிராய்ப்பு மேல் மாட்டியும் விட்டிருக்கிறாய். உன் கட்டிதான் அவன் முட்டிக்குள் போனது என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கவில்லை. நானும் சத்தியம் செய்ய மாட்டேன். எல்லாரும் புரள்கிற மண் அது, வேறு எங்கிருந்தும் வந்திருக்கலாம். ஆனால் கேட்ட டாக்டரிடம் உள்ளதைச் சொல்லியிருக்கலாம் அல்லவா? அதற்கு உனக்கு என்ன கேடு?

விழா முடிந்து அன்றைக்குச் சாயந்திரம் வீட்டுக்கு வந்து இதைத்தான் கேட்டேன். நீ சட்டையைக் கழற்றிக்கொண்டே, "அட உடும்மா, வெளையாட்டுன்னா காயம் வரத்தான் செய்யும். அது வேற, இது வேற. சாதிக் ஏதாச்சும் சொன்னானா? அவனே கைதட்டறான், உனக்கு என்ன?" என்றாய். உன் அப்பா தினசரியை மடக்கி வைத்துவிட்டு, "அம்மணி, பையன் நாளன்னைக்குக் கெளம்பறான். இப்பப் போயி ஊட்டுல சண்டை எதுக்கு? ஆனது ஆகிப்போச்சு" என்றார். அவருக்கு எப்போதும் வீட்டில் சத்தம் வரக் கூடாது, அவ்வளவுதான். "ஏனுங்க, ஆனது ஆகிப்போச்சு சரி, இனிமே ஆகப் போறதுக்கு யாருங்க பொறுப்பு? இவன் அந்தக் கேப்பைப் பொட்டில வெச்சுக்கிட்டுப் போறானுங்களே" என்று கேட்டேன். அவர் மறுபடியும் தினசரியை விரித்துக்கொண்டார். நீ குளிக்கப் போய்விட்டாய். எனக்கு உன் பழைய தப்பின் மீது இப்போது கோபம் இல்லை என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள். சின்ன வயதில் ஆயிரம் செய்வார்கள். அதைப் பெருமை என்று நினைத்துப் பெட்டியில் கட்டிக்கொண்டு போய், ஊர்ப் பிள்ளைகள் காலில் மாட்டப் போகிறாய் பார், அதற்குத்தான் எனக்குக் கொதிக்கிறது.

உனக்கு ஒன்றும் தெரியாது என்றால்கூட விட்டுவிடுவேன். போன வருஷம் ஊரெல்லாம் மெட்ராஸ் ஐ வந்ததே, உன் அக்கா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தபோது நீ போட்ட ஆட்டத்தை மறந்துவிட்டாயா? அவள் தொட்ட தம்ளரைத் தொட மாட்டேன் என்றாய். துண்டைத் தனியாகக் காயப்போடு, தலையணை உறையைத் தனியாக ஊற வை என்று என்னைப் பாடாய்ப் படுத்தினாய். பாவம், அவள் குழந்தையை நீ தூக்கக்கூட இல்லை. கண்ணுக்கு வந்தால் ஒட்டுகிற நோய், முட்டிக்கு வந்தால் வீரமா? கண்ணில் வடிந்தால் அசிங்கம், காலில் வடிந்தால் ராசியா? இதில் நீ எம்.பி.எட். வேறு படித்திருக்கிறாய். உடல்நலக் கல்வி என்று தடித்தடியாகப் புத்தகம் வாங்கினாயே, அவற்றைப் பரீட்சைக்கு மட்டும் திறந்தாயா?

உங்கள் ராசியைப் பற்றி நானும் கொஞ்சம் பேசுகிறேன். டோர்னமெண்ட் தொடங்கினால் கடைசி ஆட்டம் வரைக்கும் பனியன் துவைக்கக் கூடாது, துவைத்தால் ஜெயிப்பது தண்ணீரோடு போய்விடும் என்று உங்கள் குழுவுக்கு ஒரு சட்டம். அந்த வாரங்களில் உன் பை வீட்டுக்குள் வந்தால் ஒரு வாடை வரும். நான் எடுத்து ஊறப் போட்டுவிடுவேன் என்று, அதை மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஒளித்து வைப்பாய். பத்துப் பேர் வியர்வையும் மண்ணும் ஒரே துண்டில். ஒரே சோப்பு, அதிலும் பாதி முடி ஒட்டியிருக்கும். முகம் மழிக்க ஒரு பிளேடை நாலு பேர் சுற்றுக்கு விடுவீர்கள். சிராய்த்தால் தண்ணீர் ஊற்ற மாட்டீர்கள், கோர்ட்டு மண்ணைக் கிள்ளித் தேய்ப்பீர்கள். அந்த மண்ணில் எத்தனை பேர் எச்சில் துப்பியிருப்பார்கள், ஆட்டம் இல்லாத நேரத்தில் எத்தனை ஆடு படுத்துப் புழுக்கை போட்டிருக்கும்? நீங்கள் தோற்ற வருஷங்களிலும் துவைக்காமல்தானே ஆடினீர்கள், அப்போது அந்த ராசி எங்கே போயிருந்தது?

ஆனால் பையன்களை மட்டும் சொல்லி என்ன பிரயோசனம்? உங்களுக்கு ஆட்டம் பழக்கிய சார் பேசிய பேச்சும் எனக்குத் தெரியும். ஒரு முறை உனக்கு மாற்றுத் துணி கொடுக்க மைதானத்துக்கு வந்திருந்தேன். ஒரு பையன் முழங்கையில் சீழ்க் கொப்புளத்தைக் காட்டி, "சார், இன்னைக்கு முடியலீங்க" என்றான். அவர் எல்லார் முன்னாலும், "இதுக்கெல்லாம் உக்காரறதுன்னா சேலையைக் கட்டிக்கிட்டு உக்காருடா" என்றார். நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். நான் சேலை கட்டிக்கொண்டுதான் அங்கே நின்றிருந்தேன். சேலை கட்டினவள் வயிற்றில்தான் நீயும் பிறந்தாய், அவரும் பிறந்தார். அந்தப் பையன் முழங்கையை மடக்கி மறைத்துக்கொண்டு ஆடப் போனான். அன்றைக்கு அவன் எத்தனை பேரைக் கட்டிப் பிடித்திருப்பான் என்று நினைத்துப் பார். நீ உன் கட்டியை ஏன் மறைத்தாய் என்பது எனக்கு இப்போது புரிகிறது. பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார் என்ற பயம். போன இடம் திரும்பக் கிடைக்காது என்ற பயம். கேலி செய்வார்கள் என்ற வெட்கம். அந்த ஆளிடம் நீ இப்படி பயந்து பயந்து ஆடினாய். நாளைக்கு உன்னிடமும் பையன்கள் அப்படித்தான் ஆட வேண்டுமா?

நான் தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு காலம் தள்ளுகிறவள். சொறி சிரங்கு எனக்குப் புதிதில்லை. காலை வணக்கத்தில் எல்லார் முன்னாலும் "கையை நீட்டு" என்றால், சிரங்கு உள்ள பிள்ளை கையைப் பின்னால் கட்டிக்கொள்ளும். தனியாகக் கூப்பிட்டு, "காட்டு சாமி, ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன்" என்றால் சட்டையைத் தூக்கி இடுப்பு வரைக்கும் காட்டும். ஐந்து வயதுக்கு உள்ள வெட்கம் இருபது வயதுக்கு இன்னும் அதிகமாக இருக்கும். ஆகவே நீ அங்கே போனதும் முதலில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். காயத்தைக் காட்டுகிற பையனுக்கு அணியில் அவன் இடம் அப்படியே இருக்கும் என்று எல்லாரும் கேட்கச் சொல்லு. சொன்னால் போதாது, முதல் தடவை ஒருவன் வந்து காட்டும்போது அதன்படி நடந்து காட்டு. அவன் ஆறி வந்ததும் அவனையே முதலில் இறக்கு. அந்த ஒன்றைப் பார்த்துவிட்டால் மற்றவர்கள் தாமாகவே வந்து காட்டுவார்கள். நீ ஒரு தடவை முகத்தைச் சுளித்தால், அப்புறம் வருஷம் முழுக்க ஒருவனும் வாயைத் திறக்க மாட்டான்.

மீதியெல்லாம் உனக்கே தெரிந்ததுதான், செய்யத்தான் உடம்பு வணங்கவில்லை. ஆட்டம் முடிந்த கையோடு பையன்கள் குழாயடிக்குப் போகட்டும். வியர்வையோடு டீக்கடையில் உட்கார்ந்து மேட்ச் கதை பேசிவிட்டு, விடுதிக்குப் போய் அப்படியே படுக்கிற வேலை வேண்டாம். மைதானத்தில் குழாய் இல்லையென்றால் முதல்வரிடம் போய்ச் சண்டை போடு, கப்பு வாங்கச் சண்டை போடத் தெரிகிற உனக்கு ஒரு குழாய் வாங்கத் தெரியாதா? சிராய்ப்பை ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிச் சுத்தமான துணியால் மூடிக் கட்டிவிட்டுத்தான் அடுத்த ஆட்டம். மண் மருந்து என்று எவனாவது சொன்னால், அதைச் சொல்லிக் கொடுத்த கூட்டத்தில் நானும் ஒருவன் என்று வெட்கப்பட்டுக்கொண்டே மறுத்துச் சொல்லு. சீழ் வடிகிறவன், கட்டுப் போட்டு மூட முடியாத கட்டி உள்ளவன், ஃபைனலாக இருந்தாலும் கோர்ட்டில் கால் வைக்கக் கூடாது. கட்டியைப் பிதுக்கவும் கூடாது, பிளேடால் கீறவும் கூடாது, அதற்கு டாக்டர் இருக்கிறார். டாக்டர் கொடுத்த மாத்திரையை, காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்தாமல் கடைசி வரை முழுங்க வை. துண்டும் சோப்பும் பிளேடும் முட்டி உறையும் ஆளுக்கு ஆள் தனி. பனியன் தினம் துவைத்துக் கொடியில் வெயில் படக் காய வேண்டும். நகத்தை நறுக்கச் சொல்லு, நீங்கள் கட்டிப் பிடிக்கிற வேகத்தில் பாதிச் சிராய்ப்பு நகத்தால்தான் வருகிறது. வீங்கிச் சுடுகிற முட்டியை எவனாவது சுளுக்கு என்று சொல்லி உருவக் கொண்டுபோனால், அவன் கையைப் பிடித்துத் தடுத்து ஆசுபத்திரிக்கு இழுத்துக்கொண்டு போ. அன்றைக்குச் சாதிக் தோளை அமுக்கிப் பிடித்த கைதானே உன் கை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் சாதிக் கடைக்குப் போனேன். உனக்குத் தெரியாது, சொல்லவில்லை. உன் பையன்களுக்குத் துண்டு வாங்க வேண்டும் என்பது சாக்கு. அவன் முகத்தைப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதுதான் உண்மை. அவன் கல்லாவுக்குப் பக்கத்தில் உயரமான முக்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் மேசையைப் பிடித்து எழுந்து, "வாங்கம்மா, வாங்க, காப்பி சொல்லட்டுங்களா?" என்றான். சென்னிமலைத் துண்டு வேண்டும், ஆளுக்கொரு நிறத்தில் கரை இருக்க வேண்டும், ஒருத்தன் துண்டை இன்னொருத்தன் எடுத்தால் பார்த்ததும் தெரிய வேண்டும் என்றேன். அவன் துண்டுகளை எடுத்து அடுக்கிக்கொண்டே இருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. "சாமி, அந்தக் கேப்பு விஷயம் எனக்கு நேத்துத்தான் தெரியும். அவனுக்குக் கட்டி இருந்தது உனக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டேன்.

அவன் துண்டின் மடிப்பை நீவினான். "தெரியுமுங்கம்மா. வாங்கி மாட்டும்போதே உள்ள ஈரமா இருந்துச்சுங்க. வேர்வைன்னு நெனச்சேன். ஆஸ்பத்திரில டாக்டர் அவனைக் கேட்டாரே, அப்பப் புரிஞ்சுபோச்சுங்க. படுத்துக்கிட்டு அவன் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். சொல்லுவான்னு நெனச்சேன்." அதற்குப் பிறகும் ஏன் நீ கேட்கவில்லை என்றேன். "கேட்டா அவன் வரமாட்டானேங்க. தெனம் பன்னும் பாலும் வாங்கிக்கிட்டு அவன் ஒருத்தன்தானுங்களே வந்தான்" என்றான். பிறகு, மண்டபத்தில் ஏனப்பா கைதட்டினாய் என்று கேட்டேன். அப்போதுதான் அவன் குரல் மாறியது. "அவன் கேப்பைக் குடுத்ததுக்கு எனக்குக் கோவமே இல்லீங்கம்மா. எனக்கும் அப்ப அறிவு இல்ல, குடுத்தான், மாட்டிக்கிட்டேன். ஆனா மேடையில கதையச் சொன்னான் பாருங்க, நான் மூணு பேரைத் தொட்டேன், கப்பு வாங்கினோம்னு. அதோட முடிச்சுப்போட்டானுங்க. அதுக்கப்புறம் இந்தக் கால் என்னாச்சுன்னு சொல்லுவான், சொல்லுவான்னு பாத்துக்கிட்டே நின்னேன். எல்லாரும் தட்டினாங்க, நானும் தட்டிப்போட்டேன். தட்டாம நின்னா எல்லாரும் என்ற காலைப் பாப்பாங்கல்லங்க." நீ வீட்டில் என்னிடம் சொன்னாயே, அவனே கைதட்டுகிறான், உனக்கு என்ன என்று. அவன் எதற்குத் தட்டினான் என்று இப்போது தெரிந்துகொள்.

நீ இந்நேரம் டிரங்குப் பெட்டியைத் திறந்து கவிழ்த்துத் தேடியிருப்பாய். தேடாதே. நேற்று நீ குளிக்கும்போது அந்த முட்டி உறையை எடுத்துக் கத்தரிக்கோலால் நறுக்கி, உனக்கு வெந்நீர் காய்ந்த அதே அடுப்பில் போட்டுவிட்டேன். நாற்றம் தெருவரைக்கும் போனது. உன் அப்பா என்ன கருகுகிறது என்று கேட்டார், உங்கள் பையனின் ராசி என்றேன். அது இருந்த இடத்தில்தான் சென்னிமலைத் துண்டுகளை அடுக்கி வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றிலும் கரை வேறு நிறம். நீ யாருக்கு எதைக் கொடுக்கிறாயோ கொடு, மாற்றி எடுக்க மட்டும் விடாதே. அடுத்த வருஷமும் நான் வாங்கி அனுப்புவேன், அதற்கும் அடுத்த வருஷமும் அனுப்புவேன். உன் மேல் எனக்கு இருக்கிற கோபம் அதுவரைக்கும் தீராது என்று நினைக்கிறேன். நீ என் பிள்ளை, உன்னை விட்டுவிட்டு எங்கே போவேன்? ஆனால் உன் மைதானத்தில் இன்னொரு தாய் கேரியரைத் தூக்கிக்கொண்டு வார்டுக்கு ஓடினாள் என்று கேள்விப்பட்டால், அன்றைக்கு நீ இந்த வீட்டு வாசலில் வந்து அம்மா என்று கூப்பிட்டாலும் கதவைத் திறக்க மாட்டேன். சொல்லிவிட்டேன்.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. கடையிலிருந்து கிளம்பும்போது சாதிக் என்னைக் கூப்பிட்டான். "அம்மா, அவன் பசங்களைக் கூட்டி வெச்சு மொத நாள் பேசுவான்ல, அன்னைக்கு நான் வரட்டுங்களா? நான் ஒண்ணும் அவனைக் கொறை சொல்ல மாட்டேனுங்க. பேண்ட்டை மடிச்சு உட்டு இந்த முட்டியக் காட்டறேன், அவ்வளவுதான்" என்றான். வா என்று நான்தான் சொன்னேன். உன்னைக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். அவன் கதையின் மறுபாதியை உன் பையன்கள் அவன் வாயால் கேட்கட்டும். அவன் பேசி முடித்ததும் நீ எழுந்து, அன்றைக்கு டாக்டரிடம் சொல்லாததை அவர்களிடம் சொல்லு.

தபாலில் போட்டால் நீ படிக்காமல் மடித்து வைத்துவிடுவாய் என்றுதான் இந்தக் கடிதத்தை ஒட்டாமல் அவன் கையிலேயே கொடுத்தனுப்பினேன். நீ இதை மைதானத்தில் நின்று படித்துக்கொண்டிருப்பாய். பையன்கள் எல்லாரும் மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். இவ்வளவு பக்கமும் படித்து முடிக்கிற வரைக்கும் உன் எதிரே அவன் ஒருவன் மட்டும் நின்றுகொண்டே இருந்திருப்பான். அவனால் கீழே உட்கார முடியாது என்பது இப்போதாவது உனக்கு நினைவு வந்ததா? போ, போய் ஒரு நாற்காலி எடுத்துக்கொண்டு வந்து போடு.

அம்மா